பெயருக்குள் ஒரு மன்றாட்டு

எங்கள் பெண்கள் நிலையத்தில் வாரத்தில் இரண்டு நாட்கள் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் எல்லோருக்கும் நான் 'ரீச்சர்'தான். கணவரை இழந்தோருக்கான உதவி, வீட்டுத்திட்டம், காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடு என்று எத்தனையோ விதமான படிவங்கள். எந்தப் படிவமாக இருந்தாலும் முதலாவது கட்டம் ஒன்றுதான்: முழுப்பெயர்.

ஒரு நாள் ஒரு தாய் வந்தார். மகன் 2009ஆம் ஆண்டிலிருந்து இல்லை. கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மூன்று பத்திரங்கள். மூன்றிலும் மகனின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, முகாமில் பதிந்த துண்டில் இன்னொரு மாதிரி, பிறகு ஓர் அலுவலகத்தில் கொடுத்த கடிதத்தில் வேறொரு மாதிரி. கடைசிக் கடிதத்தில் பெயரின் பின்பாதியே இல்லை.

அவர் ஊரையும் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் மகனின் பெயர், 'சகரியா' என்ற வேதாகமப் பெயரின் ஒரு வடிவம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

"ரீச்சர், இந்தப் பேருக்கு என்ன கருத்து? சுவாமியார்தான் ஞானஸ்நானத்துக்கு வைச்சவர். எனக்கு ஒருநாளும் கேக்கத் தோன்றேல்லை. இப்பதான் ஒவ்வொரு கந்தோரிலையும் எழுத்தெழுத்தாச் சொல்ல வேண்டிக் கிடக்கு."

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். எனக்குத் தெரியவில்லை. "அடுத்த கிழமை சொல்லுறன் அம்மா" என்றேன். எபிரேய மொழி படித்த ஓர் அருட்தந்தையிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு பெயருக்குப் பொருள் சொல்லத் தொடங்கி முழுப் பின்னேரமும் பேசினார். பிறகு நானும் தேடி வாசித்தேன். அதில் அறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொல் அல்ல, வாக்கியம்

எங்கள் பெயர்களிலும் தெய்வம் உண்டு. கந்தசாமி, சிவபாதம், இலட்சுமி என்று தெய்வத்தின் பெயரையே பிள்ளைக்கு வைக்கிறோம். அல்லது சிவதாசன் என்று அடியவன் ஆக்குகிறோம். எபிரேயரிடமும் இந்த அடியவன் பெயர் உண்டு. ஒபதியா என்றால் யாவேயின் அடியவன்.

ஆனால் பழைய எபிரேயப் பெயர்களில் பல ஒரு முழு வாக்கியமாகவே இருக்கும். இறைவன் தந்தார், இறைவன் உதவினார், இறைவன் நினைவுகூர்ந்தார் என்று எழுவாயும் பயனிலையும் சேர்ந்து ஒரு சின்னப் பெயருக்குள் அடங்கிவிடும். பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் அந்தத் தாய் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்.

அந்தப் பெயர்களில் இரண்டு தெய்வப் பெயர்களை அதிகம் காணலாம். ஒன்று 'எல்'. இறைவன் என்பதற்கான பழைய பொதுச்சொல். அரபு மொழியின் 'இலாஹ்' இதற்கு உறவான சொல். மற்றது இஸ்ரவேலரின் இறைவனுக்கே உரிய தனிப்பெயர். அதை அறிஞர்கள் 'யாவே' என்று வாசிக்கிறார்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் 'யெகோவா' என்று காண்பதும் இதே பெயர்தான். ஆட்பெயருக்குள் வரும்போது இது முன்னால் 'யெகோ', 'யோ' என்றும், பின்னால் 'யாகு', 'யா' என்றும் குறுகிவிடும். 'அல்லேலூயா' என்று பாடுகிறோமே, அதன் கடைசி 'யா'வும் அதுதான். யாவைப் புகழுங்கள் என்பது பொருள்.

இதை அறிந்துகொண்டால் எங்கள் அயலில் உள்ள பெயர்களையே பிரித்துப் பார்க்கலாம்.

தானியேல்: இறைவன் என் நடுவர். மிக்கேல்: இறைவனுக்கு நிகர் யார்? நத்தானியேல்: இறைவன் தந்தார். இம்மானுவேல்: இறைவன் நம்மோடு. இவை 'எல்' உள்ள பெயர்கள்.

யோவான்: யாவே இரக்கம் காட்டினார். மத்தேயு: யாவேயின் கொடை. இதன் எபிரேய வடிவத்தில் 'யாகு' தெளிவாக இருக்கிறது. கிரேக்கம் வழியாக எங்களிடம் வந்தபோது தேய்ந்துவிட்டது. அன்னம்மா என்ற பெயரின் வேரான 'அன்னா'வும் யோவானின் பின்பாதியும் இரக்கம், அருள் என்று பொருள்படும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

எலியாவில் இரண்டு தெய்வப் பெயர்களும் இருக்கின்றன. என் இறைவன் யாவே என்பது பொருள். அதைத் திருப்பிப் போட்டால் யோவேல்.

முஸ்லிம் சகோதரிகளுக்கும் இவற்றில் பல அந்நியமானவை அல்ல. இஸ்மாயில், இல்யாஸ், ஸகரிய்யா, மீக்காயீல் எல்லாம் இதே வேர்ப் பெயர்கள். 'தந்தை செல்வா'வின் முழுப்பெயர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். சாமுவேலின் 'எல்'லும் வேலுப்பிள்ளையின் வேலும் ஒரே பெயரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

இந்த வாக்கியங்களைத் தமிழாக்கியும் வைத்திருக்கிறார்கள். லாசர் என்பது எலெயாசார் என்ற எபிரேயப் பெயரின் குறுகல். இறைவன் உதவினார் என்பது பொருள். 18ஆம் நூற்றாண்டில் நீலகண்டபிள்ளை என்பவர் கிறிஸ்தவரானபோது அந்தப் பெயரே அவருக்குத் தமிழில் 'தேவசகாயம்' என்று சூட்டப்பட்டது. 1752இல் கொல்லப்பட்ட அவர் 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். எத்தனையோ தமிழ் வீடுகளில் தேவசகாயங்கள் இருக்கிறார்கள்.

பெயர் வைத்த தாய்மார்

எபிரேய வேதாகமத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது பல இடங்களில் தாய்தான். அவள் பெயர் வைக்கும் நேரம் பெரும்பாலும் சந்தோஷமான நேரமாக இருப்பதில்லை.

ஆகார் ஓர் எகிப்திய அடிமைப்பெண். எசமானியின் கொடுமை தாங்காமல், வயிற்றில் பிள்ளையோடு பாலைநிலத்துக்கு ஓடியவள். அங்கே ஒரு நீரூற்றருகில் அவளுக்குச் சொல்லப்பட்ட பெயர் இஸ்மவேல். இறைவன் கேட்கிறார் என்பது பொருள். அந்த அடிமைப்பெண் இறைவனுக்கே ஒரு பெயர் வைத்தாள் என்றும் அந்தக் கதை சொல்கிறது. என்னைக் காண்கிற இறைவன் என்பது அவள் வைத்த பெயரின் பொருள். யாரும் தன்னைக் காணவில்லை, தன் குரலைக் கேட்கவில்லை என்றிருந்த ஒருத்திக்கு, காண்பதும் கேட்பதுமே பெயர்களாகக் கிடைத்தன.

மோசேயின் தாய் யோகெபேத். ஆண் குழந்தைகளையெல்லாம் ஆற்றில் எறியச் சொன்ன அரச கட்டளையை மீறித் தன் குழந்தையை மூன்று மாதம் ஒளித்து வைத்தவள். அவளுடைய பெயருக்கு யாவேயே மகிமை என்று பொருள் சொல்வார்கள்.

அதே மகிமை என்ற சொல்லை இன்னொரு தாய் வேறு விதமாகச் சொன்னாள். யுத்தம் நடக்கிறது. நிறைமாதமாக இருக்கிறாள். ஒரே நாளில் செய்தி வருகிறது: கணவன் கொல்லப்பட்டான், மாமனார் விழுந்து இறந்தார், உடன்படிக்கைப் பெட்டியையும் பகைவர் கொண்டுபோய்விட்டார்கள். அந்த அதிர்ச்சியிலேயே பிள்ளை பிறக்கிறது. "பயப்படாதே, ஆண்பிள்ளை" என்று பக்கத்தில் நின்ற பெண்கள் சொல்கிறார்கள். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளைக்கு இக்கபோத் என்று பெயரிட்டுவிட்டு இறந்துபோகிறாள். மகிமை எங்கே, மகிமை போய்விட்டது என்பது அதன் பொருள். இந்தப் பெயருக்குள் 'எல்'லும் இல்லை, 'யா'வும் இல்லை.

இந்தக் கதையை அருட்தந்தை சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஓடுகிற வழியில் பிள்ளை பெற்ற பெண்களை நானும் கண்டிருக்கிறேன். அந்தத் தாயின் பெயரை வேதாகமம் சொல்லவில்லை. ஆனால் அவள் தன் துயரத்தை வைத்து இட்ட பெயரை மாற்றாமல் எழுதி வைத்திருக்கிறது.

நகோமியும் அப்படித்தான். கணவனையும் இரண்டு மகன்களையும் அந்நிய நாட்டில் இழந்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது, "என்னை நகோமி என்று கூப்பிட வேண்டாம், மாராள் என்று கூப்பிடுங்கள்" என்றாள். நகோமி இனிமை. மாராள் கசப்பு. இறைவன்தான் தன்னைக் கசப்பாக்கினார் என்று ஊர்ப் பெண்களின் முன்னால் வெளிப்படையாகச் சொன்னாள். அவளை யாரும் கண்டித்ததாகக் கதையில் இல்லை.

பெயரை மாற்றுகிறவர்கள்

பெயரில் தெய்வம் இருந்தது வென்றவர்களுக்கும் தெரிந்திருந்தது. தானியேலின் நூலில், பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட நான்கு இளைஞர்களின் கதை வருகிறது. தானியேல், அனனியா, மீஷாவேல், அசரியா. இரண்டு பேரில் 'எல்', இரண்டு பேரில் 'யா'. அரண்மனை அதிகாரி முதலில் செய்த வேலை நால்வரின் பெயரையும் மாற்றியதுதான். அவர்கள் பெல்தெஷாத்சார், சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ ஆனார்கள். 'எல்'லும் போயிற்று, 'யா'வும் போயிற்று.

இது வெறும் கதை மட்டுமல்ல. யூதேயாவிலிருந்து பாபிலோனியாவுக்கு இடம்பெயர்க்கப்பட்ட மக்களின் கொடுக்கல் வாங்கல்களைக் குறித்த களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. அவை கி.மு. 6ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவர்கள் இருந்த ஒரு குடியிருப்பின் பெயரே 'யூதாவின் ஊர்' என்றுதான் இருந்தது. அங்கே ஒரே மனிதரை ஒரு பலகை 'பேல்-சார்-உசூர்' என்றும், இன்னொரு பலகை 'யாகு-சார்-உசூர்' என்றும் எழுதியிருக்கிறது. முதலாவது, பேல் தெய்வமே அரசனைக் காப்பாற்று. இரண்டாவது, யாவே அரசனைக் காப்பாற்று. ஒரே ஆளுக்கு இரண்டு பத்திரத்தில் இரண்டு பெயர். மூன்று பத்திரத்தோடு வந்த தாயை நினைத்துக்கொண்டேன்.

யூதேயா விழுவதற்குச் சற்று முன் எழுதப்பட்ட பெயர்களும் இருக்கின்றன. லாகீஷ் என்ற அரண்நகரை 1935இல் தோண்டியபோது, நகரவாயிலருகே மையால் எழுதப்பட்ட மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. பாபிலோனியப் படை நாட்டை அழித்த நாட்களுக்கு உரியவை அவை. முதலாவது துண்டில் ஐந்து ஆண்களின் பெயர்கள் தகப்பன் பெயரோடு இருக்கின்றன. மொத்தம் பத்துப் பெயர். அவற்றில் எட்டு 'யாகு' என்று முடிகின்றன. யாவே செவிகொடுக்கிறார், யாவேயின் கொடை, யாவே என் ஒளி என்ற பொருளுள்ள பெயர்கள். அந்தப் பட்டியல் எதற்காக எழுதப்பட்டதென்று அதில் இல்லை. நகரம் எரிந்தது. பெயர்கள் மண்ணுக்குள் இருந்தன.

தாமேத்தும் அவள் மகளும்

இவ்வளவு பெயர்களுக்குள்ளும் என் மனதில் நின்றுவிட்டது ஒரு தாயும் மகளும்தான். இவர்கள் வேதாகமத்தில் இல்லை. பத்திரங்களில் இருக்கிறார்கள்.

எகிப்தின் தெற்கு எல்லையில், நைல் நதியின் நடுவே எலிபந்தைன் என்ற ஒரு தீவு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அங்கே பாரசீக அரசின் கீழ் ஒரு யூதப் படைக்குடியிருப்பு இருந்தது. அவர்கள் யாவேக்கு ஒரு கோயிலும் கட்டியிருந்தார்கள். அந்தக் கோயிலில் பணிசெய்த அனனியா என்பவர் கி.மு. 449இல் தாமேத் என்ற பெண்ணை மணந்தார். தாமேத் என்பது எகிப்தியப் பெயர். அவள் மெசுல்லாம் என்பவருடைய அடிமை. திருமணப் பத்திரத்தில் அவள் கொண்டுவந்த பொருட்கள் எழுதப்பட்டிருக்கின்றன: ஒரு கம்பளி ஆடை, ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி, ஒரு சோடிச் செருப்பு, கொஞ்சம் எண்ணெய், இன்னும் ஓரிரு சிறு சாமான். அவ்வளவுதான்.

திருமணம் முடிந்தும் அவள் அடிமைதான். அவளுடைய வலது கையில் எசமானின் பெயர் அடையாளமாக இடப்பட்டிருந்தது. மெசுல்லாமுக்கு உரியவள் என்று. இதையும் பத்திரமே சொல்கிறது. அடிமையின் பிள்ளை என்பதால் அவளுக்குப் பிறந்த மகளும் அதே எசமானின் பிடியில்தான் இருந்தாள்.

அந்த மகளுக்கு வைத்த பெயர் யெகோயிஷ்மா.

இதைப் பிரித்துப் பார்ப்போம். 'யெகோ' என்பது யாவே. 'யிஷ்மா' என்றால் கேட்கிறார், கேட்பார். இஸ்மவேலின் முன்பாதியில் இருப்பதும் இதே 'யிஷ்மா'தான். ஆகாரின் மகன் பெயரில் 'எல்' இருக்கிறது, தாமேத்தின் மகள் பெயரில் 'யெகோ' இருக்கிறது. மற்றப்படி வாக்கியம் ஒன்றே. இரண்டு அடிமைத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஒரே வாக்கியம்.

இங்கே ஓர் இலக்கண நுட்பத்தை அருட்தந்தை விளக்கினார். எபிரேயத்தில் இப்படி வரும் வினையை 'கேட்கிறார்' என்றும் கொள்ளலாம், 'கேட்பாராக' என்றும் கொள்ளலாம். அதாவது இது நடந்துமுடிந்ததைச் சொல்லும் அறிக்கை என்று எடுக்கத் தேவையில்லை. இன்னும் நடக்காத ஒன்றுக்கான மன்றாட்டாகவும் இருக்கலாம். தாயின் கையில் எசமானின் பெயர். மகளின் பெயரிலோ, யாவே கேட்பாராக என்ற மன்றாட்டு.

திருமணத்திலிருந்து 22 ஆண்டுகள் கழிந்து, கி.மு. 427இல், வயதுபோன மெசுல்லாம் ஒரு பத்திரம் எழுதினார். தன் மரணத்தோடு தாமேத்தும் யெகோயிஷ்மாவும் விடுதலை பெறுவார்கள் என்றும், அதன்பின் யாரும் அவர்களைப் பிடித்து வைக்க முடியாது என்றும் அதில் இருக்கிறது. இலவசமான விடுதலை அல்ல. பிள்ளைகள் பெற்றோரைப் பார்ப்பதுபோல அவரையும் அவருடைய மகன் சக்கூரையும் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

கி.மு. 420இல் யெகோயிஷ்மாவுக்குத் திருமணம். சக்கூர் அவளைத் தன் சகோதரி என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தார். தாய் கொண்டுவந்தது ஒரு கம்பளி ஆடையும் கண்ணாடியும். மகளின் சீதனப் பட்டியலோ நீளமானது. விவாகரத்துக் கேட்கும் உரிமையும் அவளுக்கு இருப்பதாகப் பத்திரம் சொல்கிறது.

சக்கூர் என்ற பெயர் நினைவுகூரப்பட்டவன் என்று பொருள்படும். சகரியாவின் அதே வேர்.

இந்தப் பத்திரங்களை 1893இல் வில்பர் என்ற அமெரிக்கர் எகிப்தில் வாங்கினார். 1896இல் அவர் இறந்த பிறகு அவை ஒரு பெட்டிக்குள் அரை நூற்றாண்டு கிடந்தன. அவருடைய மகள் மூலம் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வந்து, 1953இல் அச்சில் வெளியாயின. தாமேத்தின் எசமான் கையில் இட்ட அடையாளம் அவள் உடலோடு போய்விட்டது. மகளின் பெயர் 2400 ஆண்டுகள் கடந்தும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது.

முழுப்பெயர்

அடுத்த கிழமை அந்தத் தாய் வந்தார். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "உங்கடை மகன்ரை பேருக்கு, யாவே நினைவுகூர்ந்தார் எண்டு கருத்து. கடவுள் மறக்கேல்லை எண்டு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப ஏன் ரீச்சர் இன்னும் எனக்கொரு பதில் இல்லை?"

எனக்குப் பதில் இருக்கவில்லை. இருப்பதுபோல நடிக்கவும் மனம் வரவில்லை. இக்கபோத்தின் தாயைப் பற்றிச் சொன்னேன். நகோமி ஊர்ப் பெண்களின் முன்னால் இறைவனைக் குறைசொன்னதைச் சொன்னேன். பிறகு தாமேத்தைப் பற்றிச் சொன்னேன். கையில் இடப்பட்ட அடையாளத்தைப் பற்றிச் சொன்னபோது தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மகளின் பெயரைப் பற்றிச் சொன்னபோது, "அது அறிக்கை இல்லை, மன்றாட்டு" என்று அருட்தந்தை சொன்னதையும் சொன்னேன்.

வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்த மனிசி எத்தினை வருசம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவ?"

"விடுதலைப் பத்திரம் வரும்வரைக்கும் பார்த்தால், நிறைய வருசம்."

சகோதரிகளே, இந்தக் கதையால் அந்தத் தாயின் துயர் தீர்ந்துவிட்டதாக நான் எழுத மாட்டேன். தீரவில்லை. ஆனால் இரண்டு விடயங்களை உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் பிள்ளைகளின் பெயர்களை, உயிரோடு இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் காணாமற்போனவர்களையும் சேர்த்து, ஒரு கொப்பியில் முழுமையாக எழுதி வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். யார் வைத்த பெயர், ஏன் வைத்த பெயர் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். எந்த மதத்துப் பெயராக இருந்தாலும், சிவனின் பெயரோ அல்லாஹ்வின் அடியார் என்ற பெயரோ, அதற்குள் உங்கள் வீட்டின் ஓர் ஆசை இருக்கிறது.

இரண்டாவது, கந்தோரில் யாராவது அதைத் தவறாகவோ பாதியாகவோ எழுதினால், வெட்கப்படாமல் திருத்தச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

அன்று அந்தப் படிவத்தை நான் நிரப்பத் தொடங்கியபோது, அந்தத் தாய் பேனையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கடவுள் நினைக்கிறாரோ எனக்குத் தெரியாது ரீச்சர். நான் நினைக்கிறன். இந்தக் கட்டத்தை நானே எழுதுறன்."

எழுத்தெழுத்தாக எழுதினார். கடைசி 'யா'வையும் விடவில்லை.